போர் தண்ணீர் வீடு, துண்டு அப்பளமாக நிற்கிறது: வெள்ளை வினிகர் போடலாமா?

கொடிக்கயிறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். முழுக்கப் போர் தண்ணீர். மே மாதம் வந்தால் லாரித் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் காலையில் மேலே ஏடு மாதிரி மிதக்கும். குழாய் வாயெல்லாம் வெள்ளைப் பொருக்கு. அசோசியேஷனில் போன மாதம் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம்) 1450, மொத்தக் கடினத்தன்மை 720, காரத்தன்மை 410 என்று வந்தது. டிடிஎஸ் மட்டும் எனக்குப் புரிந்தது, மற்ற இரண்டும் புரியவில்லை.

மெஷின் 7 கிலோ ஃப்ரன்ட் லோடு, வாங்கி நாலு வருஷம். பிரச்சினை மூன்று.

ஒன்று, துண்டு. கொடியிலிருந்து எடுத்தால் மடிக்க வராது. என் பையன் அதைத் தரையில் நிறுத்தி வைத்து, "அம்மா, சுவர்" என்கிறான். முகம் துடைத்தால் தேங்காய் நார் போட்டுத் தேய்த்த மாதிரி இருக்கிறது. கம்ஃபர்ட் ஊற்றிப் பார்த்தேன். மெத்தென்று ஆனது, ஆனால் தண்ணீரை உறிஞ்சவே மாட்டேன் என்கிறது.

இரண்டு, மாமனாரின் வேட்டி. அவருக்கு மெஷின் மேல் நம்பிக்கை இல்லை. மொட்டைமாடியில் கல்லில் போட்டு, பார் சோப்பு தேய்த்து அவரே துவைத்துக்கொள்வார். இப்போது எல்லா வேட்டியும் பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். "நீலம் முன்ன மாதிரி இல்லம்மா" என்று நீலத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

மூன்று, மெஷின் கதவைத் திறந்தால் ஈரச்சாக்கு நாற்றம்.

தோழி ஒருத்தி வீடியோ அனுப்பினாள். டிரம்மில் அரை கப் வெள்ளை வினிகர், இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா, கூடவே வழக்கமான பவுடர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓட்டினால் துணி ஹோட்டல் துணி மாதிரி ஆகுமாம். போட்டேன். நுரை பொங்கியது பார்க்க அழகாக இருந்தது. துண்டு அதே சுவர்.

வினிகர் எவ்வளவு ஊற்ற வேண்டும், எந்தத் தட்டில் ஊற்ற வேண்டும், கலர் துணி வெளுக்குமா, ரப்பர் போய்விடுமா? வீட்டில் இருப்பது மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண செயற்கை வினிகர். பாட்டிலில் 4% என்று போட்டிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

ஆறுமணிக்காபி எழுதியது:

நாங்கள் இரண்டு வருஷமாக ஒரு மூடி ஊற்றுகிறோம். சூப்பராக இருக்கிறது. வாசனையே வராது. தைரியமாக ஊற்றுங்கள்.

*

சாயத்தொட்டி எழுதியது:

மேலே ஒருவர் ஒரு மூடி என்கிறார். அவர் வீட்டுத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கும். உங்கள் வீட்டில் ஒரு மூடி என்பது கடலில் கரைத்த பெருங்காயம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் திருப்பூரில் 22 வருஷம் சாயப்பட்டறையில் இருந்தவன். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவில் பட்டறைகளை மூடியபோது ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றச் சோடா ஆஷ் போடுவோம். ப்ளீச் செய்யக் காஸ்டிக் போடுவோம். வேலை முடிந்ததும் துணிக்குள் காரம் நிற்கும். அதை எடுக்கத்தான் அசிட்டிக் ஆசிட் கொடுப்போம். வினிகரில் இருப்பதும் அதே சரக்குதான், தண்ணீர் கலந்தது. ராத்திரி ஷிஃப்டில் அந்த கேனைத் திறந்தால் தூக்கம் ஓடிவிடும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அசிட்டிக் போடுவது அழுக்கை எடுக்க இல்லை. அழுக்கெல்லாம் போன பிறகு, கடைசித் தண்ணீரில்தான் அது வரும். வீட்டிலும் அதே முறைதான். பவுடரோடு சேர்த்து வினிகர் ஊற்றினால் பவுடரின் காரத்தை வினிகர் தின்றுவிடும். அழுக்கை இழுக்க அந்தக் காரம் வேண்டும். பவுடருக்குப் பதில் பார் சோப்பு என்றால் இன்னும் மோசம். அமிலம் பட்டதும் சோப்பு உடைந்து கொழுப்பாகத் திரும்பிவிடும், துணியில் பிசுபிசுவென்று ஒட்டும்.

ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்ந்தால் பொங்குமே, அதோடு இரண்டும் முடிந்தது. 100 மில்லி வினிகரைத் தீர்த்துக்கட்ட ஒரு சின்ன ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே சோடா போதும். நீங்கள் இரண்டு ஸ்பூன் போட்டிருக்கிறீர்கள். டிரம்மில் மிஞ்சியது ஒருவித உப்புத் தண்ணீர்தான். வீடியோவில் நுரை வந்தால் நிறையப் பேர் பார்ப்பார்கள், அதனால் போடுகிறார்கள்.

இப்போது உங்கள் ரிப்போர்ட். கடினத்தன்மை 720 என்றால் லிட்டருக்கு 720 மில்லிகிராம் சுண்ணாம்புக் கணக்கு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 200 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள். துணி காயும்போது தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு நூலுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். துண்டில் சின்னச் சின்ன வளையமாக நூல் நிற்கிறது இல்லையா, அது ஒவ்வொன்றும் விறைத்துப்போனால் சுவர்தான்.

அந்த 720-இல் வினிகர் தொடக்கூடியது காரத்தன்மை என்று போட்டிருக்கும் 410-ஐ மட்டும்தான். மீதி 310 நிரந்தரக் கடினம், அதாவது காய்ச்சினாலும் போகாதது. அதை வினிகர் ஒன்றும் செய்யாது. அதனால் ஹோட்டல் துண்டு கனவை இப்போதே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இதுதான். 100 மில்லி 4% வினிகரில் 4 கிராம் ஆசிட். அது சுமார் 3.3 கிராம் சுண்ணாம்புக் காரத்தை அடக்கும். உங்கள் தண்ணீர் ஒரு 15 லிட்டர் வாளி என்றால் அதில் 6 கிராமுக்கு மேல் இருக்கிறது. முழுதாக அடக்க 185 மில்லி வேண்டும். ஆனால் முழுதாக அடக்க வேண்டியதில்லை. பாதி அடங்கினாலே தண்ணீரின் குணம் மாறிவிடும், காயும்போது படிவதும் குறையும். ஆக வாளிக்கு 90, 100 மில்லி. ஃப்ரன்ட் லோடு கடைசி அலசலுக்கு எடுக்கும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரு வாளிதான். கம்ஃபர்ட் ஊற்றும் தட்டில் மேக்ஸ் கோடு வரை ஊற்றுங்கள், அதற்கு மேல் ஊற்றினால் முன்னாடியே வழிந்து போய்விடும். டாப் லோடு வைத்திருப்பவர்கள் 50 லிட்டர் தண்ணீரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு முறைக்கு அரை பாட்டில் வேண்டும். அவர்கள் துண்டையும் வெள்ளையையும் மட்டும் தனியாக வாளியில் அலசுவது நல்லது.

கலர் வெளுக்குமா என்று கேட்டீர்கள். இந்த அளவில் வெளுக்காது. அதே நேரம், புதுத் துணியை வினிகரில் நனைத்தால் சாயம் "செட்" ஆகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். காட்டன் சாயத்துக்கு அது பொய். பட்டறையில் ஒழுங்காக சோப்பிங் செய்யாத, அதாவது ஒட்டாத சாயத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி எடுக்காத துணி வினிகரில் போட்டாலும் விடத்தான் செய்யும்.

வாசனை காய்ந்தால் போய்விடும். அசிட்டிக் ஆவியாகிற ஆசிட். துணியில் தங்காது என்பதால்தான் நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம்.

நீங்கள் ஒரு சோதனை செய்து பாருங்களேன். பட்டறையில் துணி மேல் இண்டிகேட்டர் ஒரு சொட்டு விட்டுக் காரம் நிற்கிறதா என்று பார்ப்போம். வீட்டில் மஞ்சள்தூள் இருக்கிறது. ஒரு கந்தைத் துணியை மற்ற துணியோடு போட்டுத் துவையுங்கள். மெஷினிலிருந்து எடுத்த ஈரத்தோடு அதில் மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சளாகவே நின்றால் சரி. குங்குமம் மாதிரிச் சிவந்தால் பவுடர் இன்னும் உள்ளே இருக்கிறது, அலசல் போதவில்லை. வேட்டியில் சாம்பார் கொட்டிய இடம் சோப்புப் போட்டதும் சிவப்பாக மாறுவதும் இதனால்தான். பயப்பட வேண்டாம், வினிகர் தொட்டால் திரும்ப மஞ்சள் ஆகும். ஆனால் மஞ்சள் கறையை வினிகர் எடுக்காது. அதை எடுக்க வெயில்தான் வேண்டும்.

மாமனார் வேட்டி வேறு கதை. அது பார் சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த திட்டு, வருஷக்கணக்கில் ஏறியது. அதற்கு வரிசையைத் திருப்ப வேண்டும். முதலில் 10 லிட்டர் தண்ணீரில் ஒரு டம்ளர் வினிகர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். அப்போது திட்டு உடைந்து கொழுப்பாக நிற்கும். உடனே வெந்நீரில், பார் சோப்பு இல்லாமல், டிடர்ஜென்ட் போட்டுத் துவைத்தால் அது கழன்றுவரும். ஒரு தடவையில் முழுதாக வராது, இரண்டு மூன்று தடவை ஆகும்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் ஆர்ஓ மெஷின் கழிக்கிற தண்ணீரை என்ன செய்கிறீர்கள்?

*

ஸ்பேனர்தம்பி எழுதியது:

அக்கா, நான் வாஷிங்மெஷின் சர்வீஸ் பார்க்கிறேன். நாற்றத்துக்கு வினிகர் தேட வேண்டாம். முதலில் கீழே வலது மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறங்கள். உள்ளே ஃபில்டர் திருகு. தரையில் ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள், தண்ணீர் கொட்டும். நாலு வருஷமாகத் திறக்கவில்லை என்றால் நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

அப்புறம் கதவைச் சுற்றி இருக்கிற சாம்பல் ரப்பரின் மடிப்பை விரித்துப் பாருங்கள். அடிமடிப்பில் தண்ணீர் நிற்கும், அதில் தலைமுடி, நூல், கறுப்புப் பூசணம். துணியில் துடைத்து எடுங்கள். துவைத்து முடித்ததும் கதவையும் பவுடர் தட்டையும் திறந்தே வையுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் கவனம்.

மாதம் ஒரு தடவை டிரம் க்ளீன் ஓட்டுங்கள், துணி இல்லாமல், சூடு அதிகமாக வைத்து. எல்லாத் துணியையும் பச்சைத் தண்ணீரிலேயே துவைத்தால் உடம்பு எண்ணெய் டிரம்முக்குப் பின்னால் படியும். அந்தப் பிசினில்தான் கிருமி வாழும்.

வினிகரில் ரப்பர் போகுமா என்றால், கடைசி அலசலில் தண்ணீரோடு கலந்து போவதால் ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஆனால் சிலர் முழு பாட்டிலை நேராக ரப்பரில் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைக்கிறார்கள். அது வேண்டாம். டிரம்மைப் பின்னால் தாங்குகிற பாகம் அலுமினியம், அமிலமும் அதற்கு ஆகாது, காரமும் ஆகாது. மெஷினோடு வந்த புத்தகத்தில் வினிகர் வேண்டாம் என்று போட்டிருந்தால் கேளுங்கள், வாரண்டி பேச்சு வரும்போது அதைத்தான் காட்டுவார்கள். வாளியில் அலசுவதற்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது.

*

ஸ்காபரோஅக்கா எழுதியது:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருஷமாய்க் கனடாவில். இங்கே வினாகிரி 4 லீற்றர் கலனில் வரும், 5 வீதம். எல்லாத் தமிழ்ச் சனமும் உடுப்புக்குப் போடும். நானும் துவாய்க்குப் போடுவேன், கடைசித் தண்ணியில் அரைக் கப். நல்ல மெதுவாய் வரும். ஆனால் சாயத்தொட்டி ஐயா சொன்னது சரி. ஒன்ராறியோ ஏரித் தண்ணியில் உங்கட போர் தண்ணியளவு சுண்ணாம்பு இல்லை. எங்கட ஊர்க் கிணற்றுத் தண்ணியும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வாறதுதான், கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படியும். அங்கே அரைக் கப் காணாது. ஊரில் இருக்கிற பிள்ளைகள் வாசித்தால் இன்னொன்றும் கவனியுங்கோ: தென்னங்கள்ளு வினாகிரியை வெள்ளை உடுப்புக்குப் பாவிக்க வேண்டாம், அதுக்கு நிறம் இருக்கு.

நான் எழுத வந்தது இதுக்கில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தி மகனின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சேட்டுகளை நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற தொட்டியில் ப்ளீச் போட்டு ஊறவிட்டனான். அலசியும் ப்ளீச் மணம் போகவில்லை என்று நினைத்து, அந்தத் தண்ணிக்குள்ளேயே வினாகிரியைச் சரித்துவிட்டன். மணத்தை எடுக்கும் என்று யாரோ சொன்னது. ஒரு நிமிஷம் இல்லை. தொண்டைக்குள் ஆரோ மிளகாய்த்தூளை ஊதின மாதிரி இருந்தது, கண்ணால் தண்ணி, இருமல் நிக்கேல்லை. மேலே ஓடி வந்து கதவு யன்னல் எல்லாம் திறந்துபோட்டு முற்றத்துப் பனிக்குள் செருப்பில்லாமல் நின்றனான். அது குளோரின் வாயு என்று பிறகுதான் மகன் சொன்னவன். அதுக்குப் பிறகு வினாகிரிக் கலன் மேல்மாடியில், ப்ளீச் நிலவறையில். இரண்டும் ஒரு தட்டில் இருக்கவே விடுறதில்லை.

*

சாயத்தொட்டி எழுதியது:

அக்கா எழுதியதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். நம் ஊரில் இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் ப்ளீச் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிளீச்சிங் பவுடர் என்று தண்ணீர்த் தொட்டிக்கும் பாத்ரூம் கழுவவும் போடுவது, வெள்ளைத் துணிக்கென்று சின்ன பாட்டிலில் விற்கும் தண்ணீர் மருந்து, எல்லாம் ஒரே இனம்தான். எந்த அமிலம் பட்டாலும் குளோரின் வரும். எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் வரும்.

பட்டறையில் ப்ளீச் செய்த துணியில் குளோரின் வாசனை நின்றால் ஆசிட் போட மாட்டோம். முதலில் நன்றாக அலசி, பிறகு ஹைப்போ (இது ப்ளீச் இல்லை, சோடியம் தயோசல்பேட் என்ற உப்பு) போட்டுக் குளோரினை முறித்து, அதற்கப்புறம்தான் அசிட்டிக். புதுப் பையன் ஒருவன் வரிசை மாற்றிப் போட்டுவிட்டு ஒருநாள் எல்லோரையும் வாசலுக்கு ஓடவைத்தான். அதற்கப்புறம் அவனே ஆசிட் கேனில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்தான்.

வேறொன்று. மலிவாக இருக்கிறதே என்று கெமிக்கல் கடையில் 99% அசிட்டிக் வாங்கிவந்து நீங்களே கலக்காதீர்கள். தோலைப் பொசுக்கும், ஆவி கண்ணைக் கெடுக்கும். வீட்டுக்கு மளிகைக்கடை பாட்டில் போதும்.

*

பட்டன்தையல் எழுதியது:

வினிகருக்குப் பதில் சிட்ரிக் ஆசிட் பவுடர் போட்டால் என்ன? கிலோ வாங்கினால் வினிகரைவிட மலிவு, வாசனையும் கிடையாது.

*

சாயத்தொட்டி எழுதியது:

மெஷினுக்குள் ஹீட்டரில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்க அது நல்லது. துணி போடாமல், சூடாக ஓட்டுங்கள். துணிக்குக் கடைசித் தண்ணீரில் போடுவது வேறு விஷயம். சிட்ரிக் ஆவியாகாது, காய்ந்தால் துணியிலேயே தங்கும். மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தால் வெள்ளை பழுப்பாகும், நாளாக நாளாக நூலும் பலம் இழக்கும். போட்டால் இன்னொரு தண்ணீரில் அலசித்தான் ஆக வேண்டும். அலசுவதும் அதே போர் தண்ணீர் என்றால் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள்.

வேட்டியில் துருக்கறை இருந்தால் மட்டும் சிட்ரிக்கோ எலுமிச்சையும் உப்புமோ வைத்து வெயிலில் போடுங்கள். துருவுக்கு வினிகர் சோப்ளாங்கி.

*

கொடிக்கயிறு எழுதியது (மூன்று வாரம் கழித்து):

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஃபில்டர். தம்பி, மூக்கைப் பொத்தச் சொன்னீர்கள், கண்ணையும் மூடியிருக்க வேண்டும். கறுப்புக் கூழ் மாதிரி ஒன்று, அதற்குள் இரண்டு ரூபாய் நாணயம் மூன்று, ஒரு ஹேர்பின், மல்லிகைப்பூ கட்டின வாழைநார், பையனின் லெகோவில் ஒரு தலை. அவன் அந்தத் தலையை ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தான். கழுவிப் போட்டு, ரப்பர் மடிப்பைத் துடைத்து, டிரம் க்ளீன் இரண்டு முறை ஓட்டினேன். ஈரச்சாக்கு நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது. இதற்கு வினிகர் ஒரு சொட்டும் செலவாகவில்லை.

மஞ்சள் சோதனை செய்தேன். பழைய தலையணை உறையைக் கிழித்துப் போட்டுத் துவைத்தேன். சொட்டு விட்டதும் சிவந்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பவுடர் எவ்வளவு போடுகிறேன் என்று அன்றுதான் அளந்தேன். டப்பாவோடு வந்த ஸ்பூனில் கூம்பாக மூன்று. இரண்டாகக் குறைத்து, தலை தட்டிப் போடுகிறேன், கூடுதல் அலசல் பட்டனையும் அமுக்குகிறேன். இப்போது சொட்டு மஞ்சளாகவே நிற்கிறது.

அப்புறம் நீங்கள் கேட்ட ஆர்ஓ கேள்வி. அண்ணா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? மாமியார் தண்ணீர் வீணாகக்கூடாது என்று ஆர்ஓ கழிவுக் குழாயை நேராக ஒரு டிரம்மில் விட்டு வைத்திருக்கிறார். மாமனார் வேட்டி அலசுவது அந்தத் தண்ணீரில்தான். துண்டை ஊறவைப்பதும் அதில்தான், நானே எத்தனையோ முறை மொண்டிருக்கிறேன். சேமிக்கிறோம் என்று பெருமைதான் பட்டுக்கொண்டிருந்தோம்.

*

சாயத்தொட்டி எழுதியது:

எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் இதே கதை. ஆர்ஓ நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அதிலிருந்த உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் மீதித் தண்ணீரில் தள்ளிவிடும். 10 லிட்டர் உள்ளே போய் 3 லிட்டர் குடிக்க வந்தால், 720 என்பது மீதி 7 லிட்டரில் 1000-ஐத் தொட்டுவிடும். அதைக் கொண்டு பாத்ரூம் கழுவுங்கள், தரை துடையுங்கள். துணிக்கு வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஏசி தண்ணீர் இருக்கிறதே. வெளியே குழாயில் சொட்டுகிறது பாருங்கள், அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதில் சுண்ணாம்பு கிடையாது. குடிக்கத்தான் கூடாது. மேடவாக்கம் புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்கு அரை வாளிக்குக் குறையாமல் வரும். ஒரு துணி வடிகட்டி வைத்துப் பிடியுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மொட்டைமாடி மழைத்தண்ணீரும் அப்படித்தான், முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள்.

*

கொடிக்கயிறு எழுதியது:

ஏசி தண்ணீர் பத்து நாளாகப் பிடிக்கிறோம். முதல் இரண்டு நாள் வாளியில் தூசியும் கொசுவும். இப்போது மேலே பழைய வேட்டித் துண்டைக் கட்டியிருக்கிறோம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். மூன்று துண்டை மூன்று விதமாக அலசிக் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஒன்று வெறும் போர் தண்ணீர், ஒன்று போர் தண்ணீரில் 100 மில்லி வினிகர், ஒன்று ஏசி தண்ணீர். எது எது என்று சொல்லாமல் பையனைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். முதலாவது சுவர். இரண்டாவது "அட்டைப்பெட்டி". மூன்றாவது "துண்டு". அவன் சொன்ன வார்த்தைகள் இவை. சரி, வினிகர் சுவரை அட்டைப்பெட்டியாக மாற்றியிருக்கிறது, அதுவும் ஒரு முன்னேற்றம்தானே! காய்ந்த பிறகு உதறி, உள்ளங்கையில் போட்டுக் கசக்கினால் இரண்டாவதும் பரவாயில்லை, தண்ணீரையும் நன்றாக உறிஞ்சுகிறது. ஏசி தண்ணீர் எல்லாத் துணிக்கும் பத்தாது, அதனால் முகம் துடைக்கும் துண்டும் வேட்டியும் அதில், மற்றவை வினிகரில் என்று பிரித்துக்கொண்டேன்.

வேட்டியை நீங்கள் சொன்னபடி வினிகரில் ஊறவைத்து, பிறகு வெந்நீரில் துவைத்தோம். ஊறும்போது மாமனார் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வேட்டியை ஊறுகாய் போட்டுட்டியா?" என்றார். வினிகர் தண்ணீரைக் கொட்டும்போது மேலே மெலிசாக எண்ணெய்ப் படலம் மாதிரி மிதந்தது, அதைக் காட்டியபிறகுதான் பேச்சை நிறுத்தினார். மூன்று தடவை செய்தபிறகு சாம்பல் போய்விட்டது, பழுப்பு லேசாக இருக்கிறது. நீலம் போட்டால் இப்போது திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராக ஏறுகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஏசி வாளிக்கு இப்போது அவர்தான் காவல்.

ஒரு தப்பும் நடந்தது. ஹாலில் வைத்து அளக்கும்போது பாட்டில் சாய்ந்து மொசைக் தரையில் கொட்டிவிட்டது. போன் வந்ததால் துடைக்காமல் போய்விட்டேன். உள்ளங்கை அளவுக்குப் பளபளப்புப் போய் வெள்ளையாகத் தெரிகிறது. மாமியார் அதன் மேல் மிதியடி போட்டு வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒரு சந்தேகம். அம்மாவின் பட்டுப்புடவை ஒன்று இருக்கிறது, கல்யாணப் புடவை, 1984. பட்டுக்கு வினிகர் நல்லது என்று யாரோ சொன்னார்கள். போடலாமா?

*

சாயத்தொட்டி எழுதியது:

மொசைக்கில் இருப்பது பளிங்குச் சில்லும் சிமென்டும். அமிலம் பட்டால் அரிக்கத்தான் செய்யும். பாலிஷ் போடுகிறவர் வந்தால்தான் சரியாகும், அதுவரை மிதியடியே இருக்கட்டும்.

நீலம் என்றதும் நினைவுக்கு வந்தது. பொடி நீலம் போடும் தண்ணீரில் வினிகர் கலக்காதீர்கள். அந்த வகை நீலம் அமிலத்தில் செத்துவிடும். சொட்டு நீலம் வேறு, அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

பட்டு பற்றி அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. பட்டு நம் தலைமுடி மாதிரி புரதம், காரம் ஆகாது, லேசான அமிலம் ஆகும். பட்டுநூல் சாயத்தில் கடைசித் தண்ணீரில் கொஞ்சம் அசிட்டிக் கொடுப்பார்கள். புதுப் பட்டை மடிக்கும்போது சரசரவென்று ஒரு சத்தம் வருமே, அதைக் கூட்டிக் கொடுப்பது அந்த ஆசிட்தான். சிறுமுகைப் பக்கம் என் மச்சான் வீட்டில் நூலைக் காதருகே வைத்து முறுக்கி, சத்தம் போதுமா என்று கேட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார்கள்.

ஆனால் அது நூலுக்கு, அதுவும் ஜரிகை சேர்வதற்கு முன்னால். உங்கள் அம்மா புடவையில் ஜரிகை இருக்கும். வெள்ளிக் கம்பியில் தங்க முலாமாக இருந்தாலும் சரி, செம்புக் கம்பியாக இருந்தாலும் சரி, வினிகர் பட வேண்டாம். செம்பு பச்சை பிடித்துவிடும். மடிப்பை மட்டும் மாற்றி மடித்து, ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டு, பழைய காட்டன் துணியில் சுற்றி வையுங்கள். 1984 புடவைக்குத் தண்ணீரே வேண்டாம்.

*

கொடிக்கயிறு எழுதியது:

சரி அண்ணா, தொடவில்லை. மாமனாரிடம் சொன்னேன். புடவையைச் சுற்ற அவருடைய வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஊறுகாய் போட்ட வேட்டிகளில் ஒன்றுதான். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.